இருபது மாதத்தில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் கட்டி முடிக்க முடியுமா?

சர்வதேசத் தொடர் ஒன்று கிடைத்திருக்கிறது, கையில் இருபது மாதம், இப்போதைக்கு வெறும் நிலம்தான். இதில் 40,000 பேர் உட்காரும் புதிய கிரிக்கெட் மைதானம் எழும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "நியூயார்க்கில் சில மாதத்தில் கட்டினார்களே, மற்றவர்களுக்கு மட்டும் ஏன் வருடக்கணக்காகிறது?" என்றும் ஒரு வரி. கட்டடம் எழும்புமா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பணமும் ஆளும் இருந்தால் எழும்பும். நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: முதல் பந்து வீசப்படும் நாளில் நடுவில் இருக்கும் அந்த 22 கஜமும் அதைச் சுற்றியுள்ள புல்தரையும் ஆடுகிற நிலையில் இருக்குமா? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. படித்தது சிவில். வடிகால் வேலைக்கென்று ஒரு மைதானத்துக்குள் போனவன், இருபது வருடத்துக்கு மேலாக மைதானத் தரைகளிலேயே காலம் தள்ளிவிட்டேன். கூரை, இரும்புச் சட்டம், கான்கிரீட் வடிவமைப்பு என் துறை இல்லை. அவற்றைப் பற்றிச் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். மண், தண்ணீர், புல் பற்றிச் சொல்வதற்கு நான் பொறுப்பு.

நியூயார்க் கதையை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம். 2024 டி20 உலகக் கோப்பைக்காக லாங் ஐலண்டின் ஐசனோவர் பூங்காவில் நாசாவ் கவுண்ட்டி மைதானம் வந்தது. 34,000 இருக்கைகள். ஜனவரியில் வேலை தொடங்கி மே மாதத்தில் தயார். ஸ்டாண்டுகளில் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் பயன்பட்ட, கழற்றி மாட்டக்கூடிய இரும்புச் சட்டங்கள். கொண்டுவந்து பூட்டினார்கள், ஆட்டங்கள் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போனார்கள். மிகப் பெரிய, மிகத் தரமான பந்தல் என்று சொன்னால் தப்பில்லை. பிட்ச் மட்டும் அந்தக் கணக்கில் வராது. அடிலெய்டு ஓவலின் தலைமை கியூரேட்டர் (பிட்ச்சைத் தயாரித்துப் பராமரிப்பவர்) டேமியன் ஹஃப் தலைமையில் ஒரு குழு, பத்து பிட்ச்களுக்கான தட்டுகளில் களிமண் நிரப்பி, குளிர்காலம் முழுக்க ஃபுளோரிடா வெயிலில் புல் வளர்த்து, லாரிகளில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து இறக்கியது. நான்கு பிட்ச் மைதானத்துக்கு, ஆறு பயிற்சிக் களத்துக்கு.

என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜூன் 1 பயிற்சி ஆட்டத்தில் இந்தியா 182 அடித்தது. அதைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாகியிருப்பார்கள். இரண்டே நாளில், முதல் உலகக் கோப்பை ஆட்டத்தில் இலங்கை 77-க்கு ஆல் அவுட். ஜூன் 5-ல் அயர்லாந்து 96. அன்று பந்து எகிறி ரோகித் சர்மாவின் கையில் பட்டு, அவர் ஆட்டத்தின் பாதியில் வெளியேறினார். மறுநாளே ஐசிசி, பிட்ச்கள் நாங்கள் விரும்பிய அளவுக்குச் சீராக இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஜூன் 9-ல் இந்தியா 119-க்குச் சுருண்டது, பாகிஸ்தானால் அதையும் எட்ட முடியவில்லை. அங்கே நடந்த எட்டு ஆட்டங்களில் அதிகபட்ச ஸ்கோர் கனடா எடுத்த 137.

இதுவரை சொன்னது நடந்த விஷயம். ஏன் அப்படி ஆனது என்பது என் கணிப்பு. தட்டில் வளர்ப்பதுதான் கோளாறு என்று பலர் எழுதினார்கள், நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மெல்பர்னில் பல வருடமாக, அடிலெய்டில் 2013 முதல், தட்டு பிட்ச்களில்தான் டெஸ்ட் நடக்கிறது. அடிலெய்டு பிட்ச்சைக் குறை சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என் கணிப்பில், மண் இறுகுவதற்கும் வேர் அதைப் பிடித்துக்கொள்வதற்கும் காலம் போதவில்லை. வந்து இறங்கிய இடத்தில் அதற்குக் கிடைத்தது சில வாரங்கள். ஃபுளோரிடா வெயிலில் வளர்ந்த புல்லுக்கு நியூயார்க்கின் மே மாதம் இதமான இடம் இல்லை. ஒரே களிமண், ஒரே குழு, ஒரே லாரி, ஆனால் 182 வந்த பிட்ச்சும் 77 வந்த பிட்ச்சும் ஒரே மைதானத்தில். புது மண்ணின் குணம் இதுதான்: எப்படி நடந்துகொள்ளும் என்று அதற்கே தெரியாது.

பிட்ச் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்தக் கால நெருக்கடி புரியும். அடியில் ஜல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் களிமண். களிமண்ணை ஒரே அடியாகக் கொட்டி ரோலர் விடக்கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டராகப் பரப்பி, ஈரம் பார்த்து உருட்டி, அந்த மேற்பரப்பை முள்வாரியால் கீறிவிட்டு, அதற்குமேல் அடுத்த அடுக்கு போட வேண்டும். கீறாமல் போட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாது. மேலே பார்க்க ஒன்றும் தெரியாது, பளிங்கு மாதிரி இருக்கும். பந்து விழும்போதுதான் உள்ளே இருக்கும் பிளவு காட்டிக்கொடுக்கும். ஒன்று முட்டிக்குக் கீழே, அடுத்தது மூக்குக்கு நேரே. குழாயை இறக்கி ஒரு துண்டு மண்ணை உருவி எடுத்து, இரண்டு கையாலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். அடுக்கு ஒட்டாத இடத்தில் பிஸ்கட் மாதிரி 'டக்'கென்று உடையும். வேர் அந்த இடம்வரை வந்து, கீழே போக முடியாமல் பக்கவாட்டில் திரும்பியிருப்பதும் தெரியும்.

மண்ணைத் தேர்ந்தெடுப்பதும் இப்படிக் கைப்பக்குவமும் சோதனையும் கலந்த வேலை. பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டி, சில நாள் நிழலில் காயவிட்டு, எடை ஏற்றி உடைத்துப் பார்ப்போம். சர்வதேச ஆட்டத்துக்கான மண் என்றால் ஒரு ஆள் எடையை வைத்தாலும் சுலபத்தில் நொறுங்கக்கூடாது. செம்மண் பந்தை எழுப்பும், சீக்கிரம் காயும், வெடிக்கும். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பந்து தாழ்ந்து நின்று வரும். அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் இரண்டு மண்ணிலுமாகப் பதினொரு பிட்ச் போட்டு வைத்திருப்பது இந்த வசதிக்காகத்தான். ஆனால் அதைப் பார்த்து, பத்தே மாதத்தில் இரண்டு வகையும் போடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஒன்றை ஒழுங்காகப் போட்டாலே பெரிய காரியம்.

முதல் அடுக்கிலிருந்து முதல் சர்வதேச ஆட்டம்வரை எத்தனை மாதம் வேண்டும்? இதில் சத்தியம் செய்யும் எண் என்னிடம் கிடையாது, எவரிடமும் இருக்கும் என்று நான் நம்பவில்லை. மண், பருவம், தண்ணீரின் உப்பு எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் அது. என் அனுபவத்தில், ஒரு வருடத்துக்குக் குறைவாக வளர்ந்த பிட்ச்சில் உள்ளூர் ஆட்டம் ஆடலாம், உலகக் கோப்பை ஆட எனக்குத் தைரியம் வராது. ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் இரண்டையும் அது பார்த்திருக்க வேண்டும்.

பிட்ச்சைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் அதைச் சுற்றியுள்ள புல்தரை, அதாவது அவுட்ஃபீல்ட், தப்பித்துக்கொள்கிறது. நான் பார்த்த தோல்விகளில் அதிகம் அங்கேதான். ஆண்டிகுவாவின் விவியன் ரிச்சர்ட்ஸ் மைதானம் 2007 உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டியது. 2009 பிப்ரவரி 13-ல் அங்கே இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடங்கியது. பத்தே பந்து. ஓடிவரும் பவுலரின் கால் மணலில் புதைந்தது, கடற்கரையில் ஓடுவது போல. ஆட்டத்தைக் கைவிட்டு, பழைய ஆண்டிகுவா ரிக்ரியேஷன் மைதானத்துக்கு அவசரமாக மாற்றினார்கள். புது மைதானத்துக்கு ஒரு வருடத் தடை. தண்ணீர் வடிய வேண்டும் என்று மணல் சேர்க்கிறோம், அது சரியான முடிவுதான். ஆனால் அந்த மணலைப் பிடித்து வைப்பது புல்லின் வேர் மட்டுமே. வேர் இறங்காத மணல்தரை என்பது பச்சைப் பாய் விரித்த மணல்மேடு. 2023 உலகக் கோப்பையின்போது தர்மசாலாவில் முஜீப் உர் ரஹ்மான் பவுண்டரி அருகே சறுக்கியபோது முட்டி தரையைக் கிழித்துக்கொண்டு போனதும் இதே ரகம்தான். நல்லவேளை, பெரிய காயம் இல்லை.

மறுபக்கம், மணலே இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? 2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்கானிஸ்தான்-நியூசிலாந்து டெஸ்ட் ஐந்து நாளும் ஒரு பந்துகூட வீசாமல் முடிந்தது. மழை பெய்தது உண்மை, ஆனால் மழை நின்ற நேரத்திலும் ஆட முடியவில்லை. சின்னக் கணக்கு ஒன்று போடுங்கள். 75 மீட்டர் ஆரம் உள்ள மைதானம் என்றால் பரப்பு சுமார் 17,700 சதுர மீட்டர். ஒரு மாலை மழையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் உள்ளே விழுவது சுமார் 4,40,000 லிட்டர். இதை, தண்ணீர் உறிஞ்சும் சூப்பர் சாப்பர் வண்டி உருட்டி எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு என் அனுதாபம். அடியில் மீன்முள் வடிவில் குழாய் போட்டு, அது போய்ச் சேரும் வெளிக் கால்வாயும் அந்த நேரத்தில் நிரம்பி எதிர்த்து வராமல் இருந்தால்தான் தண்ணீர் போகும். இந்த வெளிக் கால்வாய் பெரும்பாலும் மைதான ஒப்பந்தத்தில் இருக்காது, வேறு துறையின் பொறுப்பில் இருக்கும். உள்ளே லட்சணமாகக் குழாய் போட்டு, வெளியே போக வழியில்லாமல் நின்ற மைதானங்களைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரு சின்னசாமியில் தரைக்கு அடியிலிருந்து காற்றால் தண்ணீரை உறிஞ்சும் அமைப்பே வைத்திருக்கிறார்கள். பணம் இருந்தால் நல்லது. ஆனால் அதுவும் தண்ணீரை எங்கேயாவது கொண்டுபோய் விட்டாக வேண்டும்.

இப்போது உங்கள் இருபது மாதம் எங்கே சிக்கும் என்று சொல்கிறேன். ஸ்டாண்டின் கூரையைத் தூக்கி வைக்கப் பெரிய கிரேன் வேண்டும். கிரேனுக்கு வசதியான இடம் மைதானத்தின் உள்பக்கம். புல்லுக்கோ உள்ளே யாருமே வரக்கூடாது. திட்ட அட்டவணையில் இந்த இரண்டும் தனித்தனி வரியாக, தனித்தனி நிறத்தில் அழகாக இருக்கும். தரையில் இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். நான் வேலை பார்த்த ஒரு மைதானத்தில் (பெயர் வேண்டாம்) கூரை வேலை ஏழு வாரம் தள்ளிப்போனது. அந்த ஏழு வாரத்தையும் புல்லின் கணக்கிலிருந்துதான் கழித்தார்கள், திறப்பு விழா தேதி நகரவில்லை. ஒருநாள் காலை வந்து பார்த்தால், குறுக்கு வழி என்று கான்கிரீட் லாரி ஒன்று நாங்கள் சமன் செய்து வைத்திருந்த வடிகால் படுகையின் மேலேயே போயிருக்கிறது. சக்கரத் தடத்தில் கட்டை விரலை அழுத்தினேன், இறங்கவில்லை. அடியில் குழாய் நசுங்கியிருந்தது. தோண்டி மாற்றினோம். ஆனாலும் முதல் மழையில் அந்தத் தடம் தண்ணீர்க் கோடாக அப்படியே தெரிந்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கிரேன் ஓடும் பாதையை ஸ்டாண்டுக்கு வெளியே சுற்றி அமைக்கலாம். அதற்கு நிலம் கூடுதலாக வேண்டும், பெரிய கிரேன் வேண்டும், செலவு ஏறும். கூரையைச் சில ஸ்டாண்டுகளுக்கு மட்டும் போடலாம். இல்லையென்றால் பிட்ச்சைத் தட்டில் வேறு இடத்தில் வளர்த்து, கிரேன் வெளியேறிய பிறகு இறக்கலாம். கூரை விஷயத்தில் இன்னொன்று: உயரமான ஸ்டாண்ட் சூழ்ந்துவிட்டால் உள்ளே வெயிலும் காற்றும் குறையும். நிழல் விழும் பக்கம் புல் சோகை பிடித்து நிற்கும், பூஞ்சை வரும். வரைபடத்தில் கூரையைப் பார்க்கும் யாரும் புல்லின் தலையில் விழும் நிழலைப் பார்ப்பதில்லை.

அளவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தவறினால் பிறகு திருத்தவே முடியாது. ஐசிசி விதிப்படி, ஆடவர் ஆட்டத்தில் ஆடும் பிட்ச்சின் மையத்திலிருந்து பவுண்டரி 59.43 மீட்டருக்குக் குறையக்கூடாது, 82.29 மீட்டரைத் தாண்டக்கூடாது. கயிற்றுக்கும் வேலிக்கும் நடுவே குறைந்தது 2.74 மீட்டர். ஒரு பிட்ச் 3.05 மீட்டர் அகலம். பதினொரு பிட்ச் போட்டால், ஓரத்து பிட்ச்சின் மையம் நடுப் பிட்ச்சிலிருந்து 15.25 மீட்டர் தள்ளி இருக்கும். அதிலும் சர்வதேச ஆட்டம் வேண்டுமென்றால், நடுவிலிருந்து பக்கவாட்டு வேலிவரை 77 மீட்டருக்கு மேல் வேண்டும். இருக்கையைக் கூட்ட ஸ்டாண்டை ஐந்து மீட்டர் உள்ளே தள்ளினால் இழப்பது ஐந்து மீட்டர் புல் மட்டுமில்லை, ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டு பிட்ச்களும்தான். தொடர் முழுக்க நடு பிட்ச்களையே திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டிவரும். திசையும் அப்படித்தான், பிட்ச் ஏறத்தாழ வடக்கு-தெற்காக இருக்க வேண்டும். 2019 ஜனவரியில் நேப்பியரில் சாயும் சூரியன் பேட்ஸ்மேன் கண்ணில் அடித்ததால் இந்தியா-நியூசிலாந்து ஒருநாள் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். மழையில்லை, வெளிச்சக் குறைவில்லை, வெயில் அதிகமாகி நின்ற ஆட்டம்.

கூட்டம் வந்துபோகும் வழி பற்றி என் துறைக்கு வெளியே ஒரு கணக்கு மட்டும். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டியைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி சுழல் வாசல் ஒன்றில் ஒரு மணி நேரத்துக்கு 660 பேருக்கு மேல் கணக்கிடக்கூடாது, வெளியேறுவது எட்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். 40,000 பேருக்கு இது சுமார் 61 சுழல் வாசல், மொத்தம் 61 மீட்டர் அகலமுள்ள வெளிவழி, படிக்கட்டு என்றால் 76 மீட்டர். நேரம் நெருக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த மீட்டர்கள்தான், ஏனென்றால் தொலைக்காட்சியில் தெரியாது. 2025 ஜூன் 4-ல் சின்னசாமிக்கு வெளியே பதினொரு பேர் நெரிசலில் இறந்தார்கள். அந்த வருட மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கிருந்து நவி மும்பைக்குப் போயின.

தேதி தவறினால் ஐசிசி பொறுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். 2011 உலகக் கோப்பையில் ஈடன் கார்டன்ஸ் புதுப்பிப்பு வேலை முடியாததால் இந்தியா-இங்கிலாந்து ஆட்டத்தையே பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஈடன் கார்டன்ஸுக்கே அந்த மரியாதைதான்.

தொடருக்குப் பிறகு என்ன என்பதை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் 40,000 என்ற எண்ணைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. இலங்கையில் சூரியவெவவில் 35,000 பேருக்கான மைதானத்தை 2011-க்காகக் கட்டினார்கள், அந்த உலகக் கோப்பையில் அங்கே நடந்தது இரண்டு ஆட்டம். ஜமைக்காவின் ட்ரெலானி மைதானம் 2007-க்காக எழுந்தது. தொடக்க விழாவும் பயிற்சி ஆட்டங்களும் கிடைத்தன, உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றுகூட இல்லை. நான் தரை தொடர்பாகத் திட்டிய அதே ஆண்டிகுவா மைதானம் இருக்கை விஷயத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. நிரந்தரமாக 10,000 இருக்கை போதும் என்று வைத்து, தொடருக்கு மட்டும் தற்காலிக ஸ்டாண்டால் கூட்டிக்கொண்டது.

ஆகவே உங்கள் இருபது மாதத்தில் நான் இருந்தால் செய்வது இது. முதல் இரண்டு மாதத்துக்குள் மண் பரிசோதனை, வடிகால் எங்கே போய்ச் சேரும் என்ற எழுத்துபூர்வ அனுமதி, கியூரேட்டர் நியமனம். நிரந்தர இருக்கை 15,000, மீதி கழற்றி மாட்டும் ஸ்டாண்ட். ஆறாவது மாதத்துக்குள் பிட்ச்கள் அடங்கிய நடுச்சதுரம் போட்டு, சுற்றி வேலி அடித்து, சாவி கியூரேட்டரிடம். கிரேன் எல்லாம் வெளிப்பக்கத்தில். பதினாலாவது மாதம் முதல் உள்ளூர் ஆட்டங்கள், காலியான ஸ்டாண்டோடு, பாதி வேலை முடிந்த மைதானத்தில், வெளியே வெல்டிங் சத்தத்தோடு. குறைந்தது பத்து ஆட்டம். அதில் கெட்ட பிட்ச் ஒன்றிரண்டு வரும், வரட்டும். இப்படிச் செய்தால் முடியும் என்பது என் பதில். முழுக் கூரையோடு 40,000 நிரந்தர இருக்கை, தரை வேலை கடைசி நான்கு மாதத்தில் என்றால், கட்டடம் நிற்கும், ஆட்டத்துக்கு நான் பொறுப்பில்லை.

உங்கள் ஊரில் திட்டம் எந்த வழியில் போகிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். கட்டட ஒப்பந்தம் கையெழுத்தான தேதி எது, கியூரேட்டருக்கு நியமனக் கடிதம் கொடுத்த தேதி எது என்று விசாரியுங்கள். இரண்டாவது தேதியே இன்னும் வரவில்லை என்றால் இங்கே வந்து சொல்லுங்கள், தட்டு பிட்ச் பற்றித் தனியாக எழுதுகிறேன்.